மாணவர்க்கு ஓர் உறைவிடம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் கோடைக்காலத்தில் நம் இல்லங்களில் நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் ஒரே வகையின. எத்தனை மதிப்பெண், எந்தப் பாடப்பிரிவு, எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை காண்பதற்குள் ஒரு திங்கள் கழிந்துவிடுகிறது. கல்லூரி திறப்பதற்கு முந்தைய வாரத்தில்தான் "பிள்ளை எங்கே தங்குவது?" என்னும் ஐந்தாம் வினா எழுகிறது. அதற்கான விடையை அரைநாளில் முடிவு செய்துவிடுகிறோம்.

நாள் ஒன்றின் 24 மணி நேரத்தில் மாணவர் வகுப்பறையில் இருப்பது ஏறத்தாழ 6 மணி நேரம். எஞ்சிய 18 மணி நேரமும் அவருடைய உண்ணல், உறங்கல், படித்தல், நண்பரோடு பழகுதல், நோயுற்றால் படுத்திருத்தல் ஆகிய அனைத்தும் உறைவிடத்தையே சார்ந்தவை. 6 மணி நேரத்திற்கு ஒரு திங்கள் ஆராய்ந்து, 18 மணி நேரத்திற்கு அரைநாள் மட்டும் ஒதுக்குவது முறையாகுமா? வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகளை மனத்திற்கொண்டு இப்பாடத்தை எழுதுகிறோம்.

பள்ளி என்னும் சொல்

இன்று கல்விக்கூடத்தைக் குறிக்கும் 'பள்ளி' என்னும் சொல், பழங்காலத்தில் உறைவிடத்தைக் குறித்தது. மதுரையை அடுத்த மாங்குளம் முதலிய குன்றுகளில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டுகளில், துறவியர் தங்கிய குகையைக் குறிக்க இச்சொல் வழங்கியுள்ளது. முனிவர்கள் படுக்கக் கல்லில் படுக்கைகள் வெட்டப்பட்டன. மழைநீர் உள்ளே வாராதபடி குகையின் நெற்றியில் புருவம்போல் வரம்பு செதுக்கப்பட்டது. அவர்கள் உறைந்த பள்ளிகளே காலப்போக்கில் கற்பிக்கும் இடங்களாகவும் விளங்கின என்பர் அறிஞர். முதலில் மழை படாத ஓர் இடம், பிறகு பாடம். இந்த வரிசையை நாம் மறந்துவிட்டோம்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் முதல் மாணாக்கர்க்கு உவமையாகக் கூறியவற்றுள் பசுவும் ஒன்று. பசு, புல் மிகுந்த இடத்தில் வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் இருந்து சிறிது சிறிதாக வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும். நல்ல மாணாக்கரும் ஆசிரியரிடம் நிறையக் கேட்டு, பின்னர்த் தனியே இருந்து சிந்திப்பார் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். மேய்ச்சல் நிலம் கல்லூரி என்றால், அசைபோடும் இடம் உறைவிடம். எவ்வளவு நல்ல புல்வெளியில் மேய்ந்தாலும், அமர்ந்து அசைபோட நிழல் இல்லாத பசுவுக்கு மேய்ந்தது உடலில் ஒட்டாது.

நாம் செய்த பிழை

பிறர்க்கு அறிவுரை கூறுமுன் நம்முடைய பிழை ஒன்றை ஒப்புக்கொள்வது கடமை. சில ஆண்டுகளுக்கு முன்னர் நமக்கு நெருங்கிய உறவான ஒரு குடும்பத்தினர், தம் மகனைச் சென்னையில் எங்கே தங்கவைக்கலாம் என்று நம்மிடம் கேட்டனர். "சொந்தச் சித்தப்பா வீடு இருக்கும்போது விடுதி எதற்கு? வீட்டுச் சாப்பாடு, கண்காணிப்பு, செலவும் இல்லை" என்று நாம்தான் கூறினோம். அனைவரும் அதை ஏற்றனர்.

அவ்வீட்டில் ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும்தாம் இருந்தன. பிள்ளை கூடத்தில் படுத்தான். தொலைக்காட்சி இரவு பத்து மணிவரை ஓடும். அது நின்றதும் குழந்தைகள் உறங்கவேண்டும் என்பதற்காக விளக்கு அணைக்கப்படும். காலையில் தண்ணீர் பிடித்து வைப்பதும் குழந்தைகளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிடுவதும் அவன் பொறுப்பாயின. எவரும் ஏவவில்லை. உண்ட வீட்டுக்கு உதவவேண்டும் என்று அவனே செய்தான். ஊரிலிருந்து தாய் பேசும்போதும் அதே கூடத்தில் நின்றுதான் பேசவேண்டும். "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்பதைத் தவிர வேறென்ன சொல்லமுடியும்?

முதலாண்டு முடிவில் ஐந்து தாள்களில் அவன் தேர்ச்சி பெறவில்லை. ஊரார் சோம்பல் என்றனர். சென்னைக் காற்று பட்டுவிட்டது என்றனர். நாம் தனியே அழைத்துக் கேட்டபோது அவன் கூறியது இதுதான்: "பெரியப்பா, யார்மேலும் குறை இல்லை. சித்தி எனக்குப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டார்கள். எனக்கு விளக்குப் போட்டுக்கொள்ள ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்."

இரண்டாம் ஆண்டில் கல்லூரி விடுதிக்கு மாறினான். நிலுவைத் தாள்களை ஒவ்வொன்றாக எழுதி முடித்தான். ஆனால் இறுதியாண்டில் வேலைக்கு ஆள் எடுக்க வந்த நிறுவனங்கள், நிலுவை இருந்தவர்களை நேர்காணலுக்கே அழைக்கவில்லை. பட்டம் பெற்றபின் ஈராண்டுகள் அலைந்தே வேலை பெற்றான். அந்த ஈராண்டுகள் நம் ஒரு வாக்கியத்தின் விலை. சித்தப்பா குடும்பத்தினரோடு அவன் உறவு கெட்டதா என்றால் இல்லை. ஞாயிறுதோறும் விருந்தினனாகச் சென்று வந்ததால் முன்னினும் இனிதாயிற்று.

உறைவிட வகைகள்

1. உறவினர் இல்லம். அன்பு உண்டு, பாதுகாப்பு உண்டு. ஆயினும் மூன்று கேள்விகளை நாணாமல் கேட்கவேண்டும். பிள்ளைக்கென ஒரு மேசையும் விளக்கும் உண்டா? இரவு பதினொரு மணிவரை படித்தால் எவர்க்கேனும் இடையூறு ஆகுமா? மாதந்தோறும் உணவுக்கு ஒரு தொகை கொடுத்தால் மனம்கோணாமல் ஏற்பார்களா? மூன்றாவது வினா மிக இன்றியமையாதது. ஒரு தொகை கைம்மாறும்போது பிள்ளை கூசாமல் உண்பான். கொடுக்கவே கூடாது என்று உறவினர் மறுத்தால், அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பொருளாகக் கொடுத்துவிடலாம்.

2. கல்லூரி விடுதி. வகுப்பறை, நூலகம், உடன்பயில்வோர் மூன்றும் அருகில் உள்ளன. தாம்பரத்தில் 1937 முதல் இயங்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைப் போலக் கல்லூரி வளாகத்திற்குள்ளேயே விடுதிகள் அமைந்த இடங்களில், மாணவர் கற்பதில் பாதி வகுப்புக்கு வெளியேதான். குறை என்னவெனில் இரைச்சல், பொதுச் சமையல், இடப்பற்றாக்குறை. விண்ணப்பத்தைச் சேர்க்கை நாளிலேயே கொடுத்துவிடவேண்டும்.

3. அரசு விடுதி. தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் நடத்தும் கல்லூரி மாணவர் விடுதிகளுக்கு 2025இல் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் சூட்டப்பட்டது. இவற்றில் உணவும் தங்கலும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. பெற்றோர் வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதிகளில், வீட்டிற்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தொலைவு இருக்கவேண்டும் என்னும் விதி மாணவியர்க்குப் பொருந்தாது. இலவசம் என்றால் இழிவு என்று கருதி ஒதுங்குவது தவறு. அது மக்கள் வரிப்பணத்தில் அமைந்த உரிமை.

4. தனியார் விடுதியும் வாடகை அறையும். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பல தலைமுறை இளைஞர்களுக்கு நிழல் தந்தவை. இன்று கல்லூரிகள் பெருகிய புறநகரெங்கும் தனியார் விடுதிகளும், நால்வர் ஐவர் சேர்ந்து எடுக்கும் வாடகை வீடுகளும் உள்ளன. தன்னுரிமை மிகுதி, அதற்கேற்பப் பொறுப்பும் மிகுதி. முதலாண்டு மாணவருக்கு இதை நாம் பரிந்துரைப்பதில்லை. நகரையும் நண்பரையும் அறிந்தபின் இரண்டாம் ஆண்டில் சிந்திக்கலாம்.

5. ஊரிலிருந்து நாள்தோறும் சென்று வருதல். ஒரு மணி நேரத்திற்குள் அடையக்கூடிய கல்லூரியாயின் இதைவிடச் சிறந்தது இல்லை. அதற்கு மேற்பட்டால் பின்வரும் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

ஒரு கணக்கு

உதாரணத்திற்காக, கல்லூரியின் அருகே ஒரு விடுதியில் உணவுடன் மாதம் 6,000 ரூபாய் என்று கொள்வோம். தொலைவில் உள்ள விடுதியில் 4,500 ரூபாய். பேருந்துச் செலவு 700 ரூபாய். ஆக 5,200. மிச்சம் 800 ரூபாய் என்று மகிழ்கிறோம். தொலைவிடத்திலிருந்து சென்று வர நாளொன்றுக்குக் கூடுதலாக 2 மணி நேரம் ஆகுமாயின், மாதத்தில் 25 நாளுக்கு 50 மணி நேரம். 800ஐ 50ஆல் வகுத்தால் 16 வருகிறது. நம் பிள்ளையின் படிப்பு நேரத்தையும் உறக்கத்தையும் மணிக்கு 16 ரூபாய்க்கு விற்கிறோம் என்பது அதன் பொருள். வறுமையால் அவ்வாறு செய்ய நேர்ந்தால் அது வேறு. அறியாமல் செய்தல் கூடாது.

ஆகவே வாடகையை மட்டும் ஒப்பிடாமல், உணவு, பயணம், துணிதுவைப்பு, மின்கட்டணம், முன்பணம் அனைத்தையும் கூட்டி, செலவாகும் நேரத்தையும் எழுதி ஒப்பிடுக. அதன் பின்னர் ஒருமுறை நேரில் சென்று பார்க்கவேண்டும். பகலில் பார்த்த இடத்தை மாலை ஏழு மணிக்குப் பின்னும் ஒருமுறை பார்ப்பது நல்லது. தெருவிளக்கு எரிகிறதா, குழாயில் நீர் வருகிறதா, இரைச்சல் எவ்வளவு என்பன அப்போதுதான் விளங்கும். அங்கு ஏற்கெனவே தங்கியிருக்கும் மாணவரிடம் கேட்டால், உரிமையாளர் கூறாதவையும் தெரியவரும்.

சட்டம் தரும் காப்பு

மகளிரும் சிறாரும் தங்கும் விடுதிகளை முறைப்படுத்தத் தமிழகத்தில் 2014இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி இத்தகைய விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறவேண்டும். மகளைச் சேர்க்குமுன் உரிமத்தைக் காட்டும்படி கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் மகளை விடவேண்டாம்.

வீட்டை வாடகைக்கு எடுப்போர், 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வீட்டு உரிமையாளர் - வாடகைதாரர் சட்டத்தை அறிந்திருக்கவேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். அதைப் பதிவும் செய்யவேண்டும். வேறுவகையில் உடன்பாடு செய்துகொண்டால் அன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். கையெழுத்திடுமுன் பேசிக் குறைப்பதே அறிவுடைமை. பணம் கொடுத்ததற்கு ரசீது பெறாமல் திரும்பக்கூடாது.

பகடிவதை என்னும் கொடுமையைப் பற்றியும் கூறவேண்டும். 1996இல் ஒரு மருத்துவ மாணவர் விடுதியிலேயே கொல்லப்பட்டது தமிழகத்தை உலுக்கியது. அதன்பின் 1997இல் பகடிவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஈராண்டுவரை சிறையும் பத்தாயிரம் ரூபாய்வரை தண்டமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009இல் விதிகள் வகுத்தது. 1800-180-5522 என்னும் கட்டணமில்லா எண்ணில் மாணவரோ பெற்றோரோ புகார் கூறலாம். இந்த எண்ணைப் பிள்ளையின் குறிப்பேட்டில் முதற்பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "எல்லோருக்கும் நடப்பதுதான், பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உணவும் ஒளிக்காமையும்

நம் பிள்ளைகளுக்கு விடுதியில் எழும் பெரும் சிக்கல் உணவு. கதிரவன் மறையுமுன் உண்பது நம் இல்லத்து ஒழுக்கம். சென்னையில் நவம்பர் இறுதியில் மாலை 5.40 மணியளவிலும், சூலையில் 6.40 மணியளவிலும் கதிரவன் மறைகிறான். விடுதிகளில் இரவு உணவு பெரும்பாலும் ஏழு மணிக்குப் பிறகே. சாம்பாரில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் இருக்கும்.

சிறுவயதில் நாம் கேட்ட அகளங்கர் வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அகளங்கரும் தம்பி நிகளங்கரும் தருக்கம் பயில விரும்பி, தாம் யார் என்பதை மறைத்துப் பௌத்தப் பள்ளியில் தங்கிக் கற்றனர் என்பது கதை. ஒருநாள் உண்மை வெளிப்பட்டது. தப்பியோடும் வழியில் தம்பி உயிர் நீத்தார். அண்ணன் உயிர் பிழைத்துப் பேரறிஞரானார். பிறர் உறைவிடத்தில் தங்கிக் கற்பது இழுக்கன்று என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. தன்னை மறைத்துக்கொண்டு வாழ்பவருக்கு ஒவ்வோர் இரவும் அச்சம் என்பதையும் அதுவே காட்டுகிறது. அக்காலத்தில் அவர்களுக்கு வேறு வழி இல்லை. இன்று நமக்கு உண்டு.

எனவே முதல் வாரத்திலேயே விடுதிக் காப்பாளரிடம் அடக்கத்தோடும் தெளிவோடும் தம் உணவு முறையைக் கூறிவிடவேண்டும். மாலை ஐந்தரை மணிக்குச் சப்பாத்தியோ இட்லியோ தரமுடியுமா என்று கேட்டால், சமையற்காரர்கள் பெரும்பாலும் இசைவர். இசையாவிடில் அவல், பொரி, வறுத்த கடலை, சத்துமாவு, பழம் ஆகியவற்றை அறையில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை முழுமையாகக் கடைப்பிடிக்க இயலாத நாள்களும் வரும். ஆய்வுக்கூடம் ஆறு மணிக்கு முடிந்தால் என் செய்வது? அந்நாள்களில் பட்டினி கிடந்து உடல்நலம் கெடுப்பதை எந்தத் தாயும் விரும்பாள். எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தலாகாது என்பதை ஊரிலேயே பெற்றோரும் பிள்ளையும் அமர்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பேசாமல் அனுப்பினால் பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். உணவுத் தவறினும் அது பெரிய தவறு.

நம் சமூகத்தினர் இதனை முன்பே உணர்ந்துள்ளனர். ஆசாரியர் விஜயவல்லபசூரி அவர்களின் தூண்டுதலால் 1915இல் மும்பையில் தோன்றிய மகாவீர ஜைன வித்தியாலயம், பிற கல்லூரிகளில் பயிலும் சமண மாணவர் தங்கி உண்பதற்கென்றே அமைந்தது. 1921இல் பீகாரின் ஆரா நகரில் சந்தாபாய் அம்மையார் மகளிர்க்காக ஜைன பாலா விசிராமத்தைத் தொடங்கினார். ஆலயத் திருப்பணிக்கு வாரி வழங்கும் நம்மவர், ஓர் ஊரின் மாணவர் ஐவருக்கு வாடகை வீடும் ஒரு சமையற்காரரும் ஏற்பாடு செய்யக் கூடினால், அதுவும் பள்ளி அமைத்த பழைய அறமேயாகும்.

முதல் ஆறு வாரங்கள்

மாணவச் செல்வங்களே, இனி உங்களோடு சில சொற்கள். புதிய இடத்தில் முதல் ஆறு வாரங்கள் கடினமானவை. வீட்டு நினைவு வரும், கண்ணீரும் வரலாம். அது கோழைத்தனம் அன்று. பெயர்த்து நட்ட நாற்றும் சில நாள் வாடித்தான் பின் பச்சை பிடிக்கும். வாரந்தோறும் ஊருக்கு ஓடிவந்தால் வேர் பிடிக்காது. இரண்டு வாரம் தங்கி மூன்றாம் வாரம் சென்று வாருங்கள்.

அறைத்தோழரோடு முதல் நாளிலேயே மூன்றைப் பேசி முடிவு செய்க: விளக்கணைக்கும் நேரம், ஒருவர் பொருளை மற்றவர் எடுக்கும் முறை, விருந்தினர் வருகை. சண்டை வந்தபின் பேசுவதைவிட இது எளிது. தேவைக்கு மேற்பட்ட பொருளைக் கொண்டுசெல்லாதீர்கள். ஒரு பெட்டியும் ஒரு படுக்கையும் போதும். அதிகம் வைத்திருப்பவர் அதிகம் காவல் காக்கவேண்டும்.

தமிழ்வழியில் பயின்றவர்களுக்கு ஆங்கில விரிவுரை முதலில் மழை இரைச்சல்போல் கேட்கும். அடுத்த நாள் பாடத்தை முதல் நாள் இரவே ஒருமுறை படித்துச் சென்றால், சொற்கள் செவியில் தங்கும். புரியாததைப் புரியவில்லை என்று கேட்பவரை ஆசிரியர் மதிப்பார். செலவை ஒரு சிறு குறிப்பேட்டில் அன்றன்று எழுதுக. இரவு கைபேசியைப் படுக்கையில் வைக்காமல் மேசையில் வைத்து உறங்குக.

வாட்டம் வாரக்கணக்கில் நீடித்து, உறக்கமும் பசியும் குன்றினால், அதை மறைக்காதீர்கள். நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கூறுங்கள். 2022 முதல் இயங்கும் டெலி மானஸ் என்னும் அரசு மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம்.

பெற்றோர்க்கு

தொலைபேசியில் "சாப்பிட்டாயா? படித்தாயா?" என்னும் இரண்டோடு நிறுத்தாதீர்கள். "தனியே இருக்கிறாயா, பேசலாமா?" என்று முதலில் கேளுங்கள். நாம் அன்று கேட்கத் தவறியது இதுதான். முதல் இரு மாதங்களுக்குள் ஒருமுறையேனும் நேரில் சென்று, பிள்ளை படுக்கும் இடத்தையும் படிக்கும் மேசையையும் கண்ணால் பாருங்கள். பொருந்தவில்லையெனில் மாற்றுங்கள். கட்டிய முன்பணம் போய்விடுமே என்று ஓராண்டைப் போக்கிவிடாதீர்கள். முன்பணத்தை மீண்டும் ஈட்டலாம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. பள்ளி என்னும் சொல்லின் பழைய பொருள் யாது? அதிலிருந்து நாம் அறிவது என்ன?

2. உறவினர் இல்லத்தில் தங்குமுன் கேட்கவேண்டிய மூன்று வினாக்கள் எவை? அவற்றுள் உங்கள் குடும்பத்தில் கேட்கக் கடினமானது எது? ஏன்?

3. உங்கள் பிள்ளை தங்கியுள்ள இடத்திற்கு மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தின் விலை எவ்வளவு வருகிறது?

4. உங்கள் ஊரிலிருந்து இவ்வாண்டு வெளியூரில் தங்கிப் பயிலும் மாணவர் எத்தனை பேர்? அவர்களுள் ஒருவரையேனும் நேரில் சென்று கண்டீர்களா?

நான்காம் வினாவுக்கு விடை எழுதுவதைவிட, அடுத்த ஞாயிறு ஒரு டப்பா அவலுடன் புறப்பட்டுச் செல்வது மேல்.